மேட்டுத் தெரு அம்பாரோவின் வணக்கம்

“ஊர்ல உள்ள எல்லார் பேரும் இந்த நோட்டுல இருக்கு, உன் பேரு மட்டும் எங்கடீ?” என்று யூரிதியா ஒருநாள் என்னைக் கேட்டாள்.

அரவை மில்லில், சோளம் வேகவைக்கப் போடுகிற சுண்ணாம்பு மூட்டைகளுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த நோட்டு அது. மாவரைக்க வந்தவள், தன் முறை வரும்வரை சும்மா இருக்கப் பிடிக்காமல் மூட்டைக்குப் பின்னால் கையை விட்டிருக்கிறாள். நான் பிடுங்கிக்கொண்டேன். பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கம். எட்டாம் வகுப்பில் ஒரு பத்தியை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். எழுந்தேன். வாய் திறக்கவில்லை. பாட வேளை முழுவதும் நின்றேன். உட்காரச் சொல்ல ஆசிரியர் மறந்துபோனார். மறுநாள் நான் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. அப்பாவின் அக்கா, ஓர்த்தென்சியா அத்தை, “படிப்பு வரலேன்னா மாவரைக்க வரட்டும்” என்று தன் மில்லில் சேர்த்துக்கொண்டாள். அப்போது எனக்குப் பதிமூன்று வயது. இப்போது பத்தொன்பது.

நோட்டில் இருப்பவை என் எழுத்து, ஆனால் என் சொற்கள் இல்லை. எல்லாம் சீட்டுகள்.

மெக்சிகோவில் இருக்கும் எங்கள் ஊர் தெகோபானில் சீட்டு எழுதாத வீடு கிடையாது. அக்டோபரில் புனித லூக்காவின் திருவிழா முடிகிற ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நாலு மணிக்குக் கோயில் முன்னால் தெருவை அடைத்து ‘நீல மின்னல்’ மைக்செட் கட்டுவார்கள். மைக்செட்காரர் தோன் அபுந்தியோ கும்பியா என்கிற ஆட்டப் பாட்டு ஒன்றைப் போட்டு, அதன் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அதன் மேலேயே பேசுவார். ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டே கையை நீட்டி மேடையில் இருக்கும் பெட்டியில் சீட்டைப் போடுவார்கள். அவர் வாசிப்பார்: நியூயார்க்கில் இருக்கும் இன்னாருக்கு, இன்னார் வீட்டிலிருந்து வணக்கம். ஊரில் பாதிப் பேர் வடக்கே, அமெரிக்காவில்தான் இருக்கிறார்கள். முன்பெல்லாம் இந்த வணக்கங்களைக் கேசட்டில் பதிந்து, எல்லை தாண்டிப் போகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார்களாம். பிறகு சி.டி. தட்டு வந்தது. இப்போது போனில் நேரலை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் சலவைக் கடையிலும் சமையலறையிலும் வேலை செய்துகொண்டே நம் தெருவைப் பார்க்கிறார்கள். ஆட்டம் பார்க்க அல்ல, தங்கள் பெயரைக் கேட்க.

செப்டம்பர் பிறந்தாலே மில் வரிசையில் நிற்கும் பெண்கள் என்னிடம் சீட்டு எழுதிக்கொள்வார்கள். என் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் என்பார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல முதலில் நோட்டில் எழுதி, பிறகு சீட்டில் பார்த்து எழுதிக் கொடுப்பேன். திருவிழா அன்று கூட்டத்தின் ஓரத்தில் நின்று, வாசித்ததற்கெல்லாம் நோட்டில் ஒரு குறி போடுவேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் தெரியாது. ஒருத்தர் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

“என் மகன் எலிசேயோவுக்கு எழுது” என்பாள் தோன்யா செலெரினா. “பசு கன்னு போட்டுச்சு. கன்னுக்கு அவன் பேரையே வச்சிருக்கேன்னு போடு.”

“மகனுக்குக் கோவம் வராதா?” என்பாள் யூரிதியா.

“வரட்டும். கோவத்துலயாவது ஒரு போன் பண்ணுவான்ல.”

சுகாதார நிலையத்துக்குத் தலைநகரிலிருந்து ஓர் இளம் டாக்டரம்மா வந்திருந்தாள். நல்லவள்தான். அவளுக்கு எங்களைப் பற்றி ஒரே ஒரு சந்தேகம். “எதுக்கு எல்லாத்தையும் போன்ல போடுறீங்க? வான்கோழி, தண்ணித் தொட்டி, ஒரு தட்டு மோலே குழம்பு. யாரு பார்க்கப் போறா?”

“அந்தக் குழம்பு வச்ச அடுப்பு என் மகன் அனுப்புனது, டாக்டரம்மா” என்றாள் செலெரினா. “ஒன்பது வருசம் ஆச்சு. அவன் இன்னும் அதைக் கண்ணால பார்க்கல. நீங்க பார்க்கலேன்னா பரவாயில்ல.”

அன்று மாலை அதையும் நோட்டில் எழுதினேன். ஊருக்கு வெளியே உள்ள பாலத்தில் மூன்று நகராட்சித் தலைவர்களின் பெயர்கள் கல்லில் வெட்டியிருக்கின்றன. பாலம் கட்ட மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. கல்லில் பெயர் வெட்டிக்கொள்ள முடிந்தவர்களிடம், ‘எதற்காக உங்கள் பெயரை ஊருக்குக் காட்டுகிறீர்கள்’ என்று யாரும் கேட்பதில்லை. எங்களிடம் கல் இல்லை. மைக்செட் இருந்தது, இப்போது போன் இருக்கிறது.

என் அம்மாவும் சீட்டு எழுதுவாள். அதாவது, அவள் சொல்லுவாள், நான் எழுதுவேன்.

அப்பா ரொஹேலியோ வடக்கே போனபோது எனக்கு எட்டு வயது. ஆறு வருடம் ஞாயிறுதோறும் கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. குவீன்ஸில் அவருக்கு வேறொரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். எங்களிடம் யாரும் சொன்னதில்லை, எங்கள் எதிரில் பேச்சை நிறுத்துவதை வைத்து நாங்கள் தெரிந்துகொண்டோம். போன் நின்ற அந்த வருடத் திருவிழாவுக்குத்தான் அம்மா முதல் சீட்டு எழுதச் சொன்னாள். அழுதுகொண்டே அல்ல, வான்கோழிக்குத் தீனி வைத்துக்கொண்டே.

“எழுது. ரொஹேலியோவுக்கு, மேட்டுத் தெரு அம்பாரோவின் வணக்கம். நாங்க சாகல. அவ்வளவுதான்.”

மறு வருடம்: பின்பக்கச் சுவர் இடிந்தது, நானே கட்டினேன்.

அதற்கு மறு வருடம்: வான்கோழி பதினொன்று. ஒரு நாய் வளர்க்கிறேன். நாய்க்கு நல்ல குணம்.

நான்காவது வருடம்: மேட்டுத் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது, குழி தோண்டியவர்களில் நானும் ஒருத்தி.

ஐந்தாவது வருடம் கை உடைந்து கட்டுப் போட்டிருந்தாள். அதைப் போட வேண்டாம் என்றாள். “மகள் என்னைவிட உயரமாகிவிட்டாள்” என்று மட்டும் போடச் சொன்னாள்.

ஐந்து சீட்டுகள். நோட்டில் ஐந்துக்கும் பக்கத்தில் குறி இல்லை. ஒவ்வொரு வருடமும் அம்மா நல்ல சால்வையைப் போர்த்திக்கொண்டு ரொட்டிக் கடைத் தூணருகே நிற்பாள், கடைசிப் பாட்டு வரை. அவள் ஆடமாட்டாள், உட்காரமாட்டாள். எல்லாம் முடிந்து வயர் சுற்ற ஆரம்பித்ததும், “இந்த வருசமும் நேரம் பத்தல போலருக்கு” என்று சொல்லிவிட்டு நடப்பாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெட்டியில் எழுநூறு சீட்டு விழும், முன்னூறுதான் வாசிக்க முடியும்.

இந்த வருடம் ஆறாவது சீட்டு. “கூரை போட்டாச்சு. காங்கிரீட் கூரை. மகளுக்குப் பத்தொன்பது வயசு. எங்களுக்கு ஒண்ணும் வேணாம்” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “கடைசி வரியைப் பெரிசா எழுது” என்றாள்.

இந்த வருடம் போன் பிடிக்கிற வேலை எனக்கு வந்தது. போன வருடம் யூரிதியாவின் தம்பி பிடித்தான். முழு நேரமும் தன் காதலியை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தான். “எங்களுக்குத் திருவிழா வேணும், அவன் காதல் வேணாம்” என்று குவீன்ஸிலிருந்து ஒரே புகார். விழாக் கமிட்டி கூடியது. அத்தைதான் அதில் சீட்டுப் பெட்டிக்குப் பொறுப்பு. “என் மருமக புடிக்கட்டும். பேசமாட்டா, சிரிக்கமாட்டா, கை நடுங்காது” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், சரி என்றார்கள்.

ஆக, முதல் தடவையாக நான் கூட்டத்தின் ஓரத்தில் இல்லை. மேடையில், தோன் அபுந்தியோவுக்கும் சீட்டுப் பெட்டிக்கும் நடுவில் நின்றேன். நோட்டை இடுப்புத் துணிக்குள் செருகியிருந்தேன். கீழே ரொட்டிக் கடைத் தூணும் அம்மாவின் சால்வையும் தெரிந்தன.

நாலாவது பாட்டிலேயே சத்தம் போய்விட்டது. தெருவில் அல்ல, போனில். பாட்டுக்கு யாரோ உரிமையாளர் இருக்கிறாராம், அதனால் நேரலையின் ஒலியை நிறுத்திவிட்டோம் என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. அதன் கீழே வரிசையாக எழுத ஆரம்பித்தார்கள்.

“சத்தம் வரல.”

“அபுந்தியோ மீன் மாதிரி வாயத் திறந்து திறந்து மூடுறாரு.”

“என் பேரு வந்துச்சா? யாராச்சும் சொல்லுங்கப்பா. லீவு சொல்லிட்டு உக்காந்திருக்கேன்.”

நான் போனை தோன் அபுந்தியோவிடம் காட்டினேன். அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “உரிமையாளரா? இது என் இசைத்தட்டு. இருபது வருசமா என் பெட்டியில இருக்கு. அந்த ஆள மேடைக்கு வரச் சொல்லு, பார்த்துக்கலாம்” என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். “சரி புள்ள, நான் வாசிச்ச சீட்ட நீ போன்ல காட்டு. காது கேக்கலேன்னா கண்ணாலயாவது படிச்சுக்கட்டும்.”

அப்படித்தான் அது ஆரம்பித்தது. அத்தை பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்துக் கொடுப்பாள், தோன் அபுந்தியோ வாசித்துவிட்டு என்னிடம் தருவார், நான் போனுக்கு முன்னால் பிடிப்பேன். கன்றுக்குட்டிக்குப் பெயர் வைத்த சீட்டு போனதும் எலிசேயோ எழுதினான்: “அம்மா, கன்னுக்கு என் பேரா? அது பசுவா காளையாங்கிறத முதல்ல சொல்லு.” தோன் அபுந்தியோ அதைத் தெருவுக்கு வாசித்தார். செலெரினா கீழிருந்து, “ரெண்டுமில்ல, சோம்பேறி” என்று கத்தினாள். தெருவே சிரித்தது.

அடுத்த சீட்டுக்காகத் திரும்பியபோதுதான் பார்த்தேன். அத்தையின் கையில் இருந்த சீட்டில் கடைசி வரி மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. அவள் படித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நாலாக மடித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, அடுத்ததை எடுத்துப் பிரித்தாள். முதல் தடவை செய்கிறவள் சுற்றும் முற்றும் பார்ப்பாள். அவள் பார்க்கவில்லை.

ஐந்து வருடமும் அம்மாவின் சீட்டு விடுபட்டது நேரம் போதாமல் அல்ல.

“அத்தை” என்றேன். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. அருகே போய்ச் சொன்னேன். “அத்தை, அந்தச் சீட்டு.”

“எந்தச் சீட்டு?”

“பையில போட்டீங்களே, அது.”

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நான் பேசியதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். “அது இங்க வாசிக்கிற சீட்டு இல்ல. நீ போனைப் புடி.”

“ஏன் வாசிக்கக் கூடாது?”

“அங்க அந்தப் பொண்ணு பார்த்துட்டு இருப்பா, மிரேயா. ரெண்டு சின்னக் குழந்தைங்க. உங்கம்மா பேரு மைக்ல வந்தா அந்த வீட்டுல சண்டை வரும். உங்கப்பன் பத்துப் பேரு முன்னாடி தலை குனிவான். அவன் என் தம்பி. நான்தான் தூக்கி வளர்த்தேன்.”

“நாங்க?”

“உங்களுக்கு என்ன குறை வச்சேன்? ஆறு வருசமா உனக்கு வேலை குடுக்கல?” அவள் குரல் கெட்டதாக இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “அந்தச் சீட்டுனால யாருக்கு என்ன லாபம் சொல்லு. அவன் திரும்பி வரப் போறானா?”

அம்மா அவரைத் திரும்பி வரச் சொல்லி ஒரு வருடமும் எழுதவில்லை. அத்தை ஆறு சீட்டையும் படித்திருக்கிறாள், இது மட்டும் அவளுக்குப் புரியவில்லை. சாகவில்லை என்று சொன்னாள், சுவர் கட்டினேன் என்று சொன்னாள், குழி தோண்டினேன் என்று சொன்னாள். எல்லாரும் கேட்கிற இடத்தில், தன் பெயரோடு, ஒரே ஒரு தடவை. எலிசேயோவின் கன்றுக்குட்டிக்குக் கிடைத்த இடம் என் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

நான் இடுப்பிலிருந்து நோட்டை எடுத்தேன். அந்த நோட்டை அதுவரை நான் யாருக்கும் காட்டியதில்லை. யூரிதியா பார்த்ததுகூடத் திருட்டுத்தனமாகத்தான். தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று, முதல் வருடப் பக்கத்தைத் திறந்து, போனுக்கு முன்னால் பிடித்தேன். பத்து வரை எண்ணினேன். அடுத்த பக்கம். பத்து. அடுத்தது.

சுவர் இடிந்த பக்கத்தைக் காட்டியபோது திரையில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. நாய்க்கு நல்ல குணம் என்ற பக்கம் வந்ததும் ஆரம்பித்தது.

“இது அம்பாரோ அக்காவாச்சே.”

“அஞ்சு வருசச் சீட்டா? இதுல ஒண்ணுகூட வாசிக்கலையே.”

“நாய்க்கு நல்ல குணமாம். ரொஹேலியோ, பார்க்குறியா? உனக்குத்தான் தபால்.”

“ரொஹேலியோ எங்க கடைலதான் இருக்கான். வெங்காயம் நறுக்குறான். போனக் கொண்டுபோய்க் காட்டுறேன் இருங்க.”

“காங்கிரீட் கூரையா? பொம்பளையா தனியா நின்னே போட்டாளா? கையத் தட்டுங்கப்பா.”

அத்தை எழுந்து வந்தாள். போனைப் பிடுங்கக் கையை நீட்டினாள். அதற்குள் தன் முகமே திரையில் பெரிதாகத் தெரிவதைப் பார்த்துவிட்டாள். குவீன்ஸ் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. நீட்டிய கையால் கூந்தலைச் சரிசெய்து, போனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திரும்பிப் போய்ப் பெட்டியருகே உட்கார்ந்தாள். பல்லைக் கடித்தபடி என்னிடம் மட்டும் சொன்னாள்: “நாளைக்கு மில்லுக்கு வா, பேசிக்கிறேன்.”

தோன் அபுந்தியோ நேரலையில் எழுதி வருவதை வாசிக்கவென்று தனியாக ஒரு போன் வைத்திருப்பார். மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த நோட்டை வாங்கினார். அவரும் சாதாரண மனிதர்தான், கமிட்டி கூப்பிட்டால்தான் அடுத்த வருடமும் அவருக்கு வேலை. ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு பாட்டின் வேகத்தை இன்னும் குறைத்து, மைக்கை வாயருகே கொண்டுபோய், வழக்கத்தைவிட நிதானமாக வாசித்தார்.

“குவீன்ஸில் இருக்கும் ரொஹேலியோவுக்கு, மேட்டுத் தெரு அம்பாரோவின் வணக்கம். கூரை போட்டாச்சு. காங்கிரீட் கூரை. மகளுக்குப் பத்தொன்பது வயசு.” ஒரு மூச்சு விட்டார். “எங்களுக்கு ஒண்ணும் வேணாம்.”

தெருவில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ரொட்டிக் கடைத் தூணைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா சால்வையின் நுனியைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். செலெரினா வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா முதலில் வரமாட்டேன் என்பதுபோல் தலையசைத்தாள். பிறகு வந்தாள். எனக்கு விவரம் தெரிந்து அவள் ஆடி நான் பார்த்ததில்லை. நன்றாகவே ஆடினாள், கோபமாக. போனை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தேன். பாட்டு முடியும்வரை வேறெதையும் காட்டவில்லை. யூரிதியாவின் தம்பி கீழிருந்து, “என்னைச் சொன்னீங்களே, இப்ப இது யாரு காதல்?” என்று கத்தினான்.

அதன் பிறகு நேரம் போதாமல் விடுபட்ட சீட்டுகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். பெட்டி காலியாகும்வரை காட்டினேன்.

மறுநாள் காலை வழக்கம்போல மில்லைத் திறந்தேன். வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள், அவ்வளவு காலையில் ஒருநாளும் எட்டுப் பேர் வருவதில்லை. அத்தை ஏப்ரனைக் கட்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.

“நேத்து எடுத்த படம் இன்னும் கமிட்டியோட இணையப் பக்கத்துல அப்படியே இருக்கு. கடவுச்சொல் உன்கிட்டதான இருக்கு? அழி.”

“மாட்டேன் அத்தை.”

வரிசையில் யாரோ இருமினார்கள்.

“என்ன சொன்ன?”

“அழிக்க மாட்டேன்.”

“அப்ப நாளையிலருந்து மில்லுக்கு வராத.”

“சரி. இன்னிக்கு வந்த சோளத்த அரைச்சுக் குடுத்துட்டுப் போறேன்.”

அவள் எதிர்பார்த்தது அழுகை. ‘சரி’ என்ற சொல்லை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற செலெரினா, “ஓர்த்தென்சியா, அவ போயிட்டா அடுத்த வருசம் எங்க சீட்ட நீயா எழுதுவ? உன் கையெழுத்த கோழி கூடப் படிக்காது” என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அப்போது அத்தையின் போன் அடித்தது. முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பு. அவள் எடுத்தாள், இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் பக்கம் திருப்பினாள்.

அப்பா. தலையில் சமையல்காரர் தொப்பி, பின்னால் வெள்ளை டைல்ஸ் ஒட்டிய சுவர். முகம் உப்பியிருந்தது. நான் நினைவில் வைத்திருந்த அப்பாவுக்கு இவர் அண்ணன் மாதிரி இருந்தார்.

“பெரிய பொண்ணாயிட்டியே” என்றார்.

நான் கையில் ஒட்டியிருந்த மாவைத் துணியில் துடைத்தேன்.

“அந்தப் படத்த எடுத்துரு கண்ணு. இங்க வேலை செய்ய விடமாட்டேங்கிறானுங்க. காலைல உள்ள வந்தா ஒருத்தன், நாய்க்கு நல்ல குணமாமே, உனக்கு எப்படிங்கிறான். வீட்டுலயும் பிரச்சினை. எல்லாரும் பார்த்துட்டாங்க.”

“அது அம்மாவோட சீட்டுப்பா” என்றேன். இவ்வளவு பேர் முன்னால் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. “நான் எழுதிக் குடுத்தேன், அவ்வளவுதான். எடுக்கணும்னா அவங்கதான் சொல்லணும். எல்லாரும் பார்க்கத்தான் எழுதுனாங்க. உங்களுக்கு மட்டும் சொல்லணும்னா, கூப்பிடுறதுக்கு உங்க நம்பர் எங்ககிட்ட இல்ல.”

அவர் அத்தையைக் கூப்பிட்டார். அத்தை போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, “பொறுடா, அம்பாரோ வர்ற நேரந்தான்” என்றாள். நான் வேலையைப் பார்த்தேன். வரிசையில் ஏழு பேருக்கு அரைத்துக் கொடுத்தேன். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். செலெரினா தன் முறையை விட்டுக்கொடுத்து விட்டு, முட்டிவலி என்று சொல்லி மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

அம்மா வந்தாள். சால்வை இல்லை, பழைய ஸ்வெட்டர். வாளியில் சுண்ணாம்பு போட்டு வேகவைத்த சோளம். எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். “என்ன, இன்னிக்குத்தான் திருவிழாவா?” என்று கேட்டுவிட்டு வாளியை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக் கொட்டி அரைத்தேன். மாவு இறங்கி முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தினேன்.

அத்தை போனை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். “பேசு அம்பாரோ. அவன் லைன்லதான் இருக்கான். என்ன சொல்லணுமோ அதை அவன்கிட்டயே சொல்லிடு.”

அம்மா திரையைப் பார்த்தாள்.

“அம்பாரோ” என்றார் அப்பா. “நல்லா இருக்கியா?”

அம்மா தொட்டியில் கை விட்டு மாவை அள்ளி வாளியில் வைத்தாள். மறுபடி அள்ளினாள்.

“எதுக்கு இப்படிப் பண்ண? என்ன வேணும்னு என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல. நான் என்ன வேணாம்னா சொல்லிடப் போறேன்? சொல்லு, என்ன வேணும் உனக்கு?”

அம்மா கடைசிப் பிடியையும் வழித்து எடுத்தாள். தொட்டியின் மூலையில் ஒட்டியிருந்ததைக்கூட விடவில்லை. மாவை உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தினாள்.

“ஏதாவது பேசு அம்பாரோ. அக்கா, அவளுக்குக் கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?”

“கேக்குதுடா” என்றாள் அத்தை. அவள் குரல் இறங்கியிருந்தது. போனைப் பிடித்திருந்த கை வலித்திருக்கும், மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். “அம்பாரோ, நான் செஞ்சது தப்புன்னே வச்சுக்கோ. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஈரத் துணியை நீட்டினேன். அதை வாங்கி மாவின் மேல் விரித்து, நான்கு ஓரமும் உள்ளே செருகினாள். சுவரோரம் நின்றவர்கள் வழி விட்டார்கள். திரையில் அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். அம்மா வாளியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, படியிறங்கி, மேட்டுத் தெருவில் ஏறிப் போனாள்.